லெனார்ட் பேர்ச்சல் நினைவு: திருமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1942 ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படை இலங்கையை நோக்கி வருவதைக் கண்டு அறிவித்த கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சல், 2004 செப்டெம்பர் 10ஆம் திகதி கனடாவின் கிங்ஸ்டன் நகரில் 89ஆவது வயதில் காலமானார். கனடாவிலிருந்து விடுமுறைக்கு ஊர் வரும் பிள்ளைகள், உள்ளூர்ப் பாடசாலை மாணவர்கள், திருகோணமலை நிலாவெளி வீதியில் இருக்கும் யுத்த மயானத்தைத் தேடி வரும் வெளியூர்க்காரர் என்று எல்லாரும் அவரைப் பற்றி ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளும் பதில்களும் இங்கே.

யார் இந்தப் பேர்ச்சல்?

ஒன்ராறியோ மாகாணத்தின் சென் கத்தரின்ஸ் நகரில் 1915 ஜூலை 6ஆம் திகதி பிறந்தவர். கிங்ஸ்டன் இராணுவக் கல்லூரியில் படித்து, 1937இல் வெளியேறி, கனடிய விமானப்படையில் சேர்ந்தார். 1940 ஜூன் 10ஆம் திகதி இத்தாலி யுத்தத்தில் இறங்கியது. அன்றே சென் லோரன்ஸ் குடாவில் ஓர் இத்தாலியச் சரக்குக் கப்பலின் மேல் தாழப் பறந்து, குண்டு போடப் போகிறவர் போல மிரட்டி, அதைக் கரைதட்ட வைத்தார். ஒரு குண்டும் செலவில்லை. ஆள் எப்படிப்பட்டவர் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

1942இல் அவர் இருந்த 413ஆம் ஸ்குவாட்ரனை (விமானப் படையணியை) ஸ்கொட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாண்ட் தீவுகளிலிருந்து இலங்கைக்கு மாற்றினார்கள். ஏப்ரல் 2ஆம் திகதி காலிக்கு அப்பால் உள்ள கொக்கலை வாவியில் வந்து இறங்கினார். (அந்தத் தளத்துக்காகக் கொக்கலைக் கிராமத்துச் சனத்தை ஊரை விட்டு எழுப்பினார்கள். யுத்தம் வந்தால் முதலில் மூட்டை கட்டுவது யார் என்று திருமலைக்காரருக்கு விளக்கத் தேவையில்லை.)

ஏப்ரல் 4ஆம் திகதி வானத்தில் என்ன நடந்தது?

பேர்ச்சலும் எட்டுப் பேரும் கட்டலினா விமானம் ஒன்றில் விடியுமுன் கிளம்பினார்கள். கட்டலினா என்பது தண்ணீரில் இறங்கி ஏறும் இரட்டை எஞ்சின் விமானம். அடிப்பாகம் படகு போல இருக்கும், இரண்டு பக்கமும் கண்ணாடிக் கூடு புடைத்து நிற்கும். நாள் முழுக்க வானத்தில் நிற்கக்கூடியது, ஆனால் வேகம் கிடையாது. சண்டை விமானம் துரத்தினால் தப்ப வழியில்லை.

இலங்கைக்குத் தெற்கே கடலை முன்னும் பின்னுமாகத் துழாவிக்கொண்டே பின்னேரம் வரை ஒன்றும் தென்படவில்லை. இருட்டில் கொக்கலையில் இறங்க முடியாது, விடியும் வரை எப்படியும் மேலேதான் நிற்க வேண்டும். அதனால், நிலவு கிளம்பியதும் தாங்கள் நிற்கும் இடத்தைச் சரிபார்க்கலாம் என்று வழிகாட்டி கேட்க, இன்னொரு சுற்று போனார்கள். அந்தக் கடைசிச் சுற்றில்தான் தெற்கு அடிவானத்தில் புள்ளிகள் தெரிந்தன. இலங்கையிலிருந்து ஏறத்தாழ 350 மைல் தொலைவு. பின்னேரம் நாலு மணி இருக்கும்.

கிட்டப் போய்ப் பார்த்தால்தான் எத்தனை கப்பல், என்ன வகை, எந்தத் திசை என்று சொல்லலாம். போனார்கள். அது நான்கு மாதம் முன் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் படை, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு. கப்பல்களை எண்ணி எழுதி, வயர்லஸ்காரர் செய்தியைத் தட்டத் தொடங்கினார். விதிப்படி ஒரு செய்தியை மூன்று தரம் அனுப்ப வேண்டும். ஹிர்யூ கப்பலிலிருந்து கிளம்பிய சீரோ என்ற சண்டை விமானங்கள் அதற்குள் வந்து சுட ஆரம்பித்துவிட்டன. மூன்றாம் தரம் பாதி போய்க்கொண்டிருக்கும்போது குண்டொன்று வயர்லஸ் கருவியைச் சிதறடித்தது.

விமானம் எரிந்துகொண்டே கடலில் இறங்கியது. கால் போன ஒருவர் விமானத்தோடு தாழ்ந்தார். கடுமையான காயத்தோடு மிதவைச் சட்டையில் கிடந்த இருவருக்கு, மற்றவர்கள் போல முக்குளித்துத் தப்ப முடியவில்லை. சீரோக்கள் திரும்பி வந்து தண்ணீரைச் சுட்டதில் அவர்களும் போனார்கள். எஞ்சிய ஆறு பேரை இசோகாசே என்ற நாசகாரிக் கப்பல் தூக்கிக்கொண்டது.

செய்தி கொழும்புக்குப் போய்ச் சேர்ந்ததா?

சேர்ந்தது, ஆனால் சிதைந்து. கொழும்பு அதை மறுபடியும் அனுப்பும்படி கேட்டது. பதில் சொல்ல ஆளில்லை. அதிலும் ஒரு கொடுமை: கப்பலில் ஏற்றியவுடன் ஜப்பானியர் பேர்ச்சலிடம் கேட்ட முதல் கேள்வி "செய்தி அனுப்பினீர்களா?" என்பதுதான். இல்லை என்று சாதித்தார்கள். சற்று நேரத்தில் கொழும்பு திருப்பிக் கேட்பது ஜப்பானியர் காதிலும் விழ, அடி இரட்டிப்பானது. இதைப் பேர்ச்சலே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அவர் திருகோணமலையில் இருந்தாரா?

இல்லை. அவருடைய தளம் கொக்கலை, விழுந்தது தெற்குக் கடலில். திருகோணமலையின் சீனக்குடா விமானத் தளத்திலிருந்து பறந்தவர் என்று சில சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதை நம்ப வேண்டாம்.

அப்படியென்றால் திருகோணமலைக்கு அவரோடு என்ன தொடர்பு?

கொழும்பில் ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலை, குண்டு விழுந்தது. அதே நாளில் கோர்ன்வோல், டோர்செட்ஷயர் என்ற இரண்டு பிரித்தானியப் போர்க்கப்பல்களையும் நடுக்கடலில் மூழ்கடித்தார்கள். பிறகு நகுமோவின் படை தீவைச் சுற்றிக்கொண்டு கிழக்குக்கு வந்தது. ஏப்ரல் 8ஆம் திகதி பின்னேரம் இன்னொரு கட்டலினா அதைக் கண்டு சொன்னது. அன்றிரவே திருகோணமலைத் துறைமுகத்தில் இருந்த கப்பல்களில் பலவற்றை வெளியேற்றினார்கள்.

9ஆம் திகதி காலை ஏழு மணி கடந்து தாக்குதல் தொடங்கியது. கொழும்பில் ஹரிக்கேன் என்ற பிரித்தானியச் சண்டை விமானங்கள் தரையில் நிற்கும்போதே எதிரி தலைக்கு மேல் வந்துவிட்டான். இங்கே ராடார் முன்கூட்டியே காட்டிக்கொடுத்ததால், சீனக்குடாவில் இருந்த 261ஆம் ஸ்குவாட்ரன் மேலே ஏறிக் காத்திருந்தது. இருந்தும் எண்ணிக்கை ஒத்துவரவில்லை, ஏறிய விமானங்களில் ஏறத்தாழப் பாதி விழுந்தன. விமானத் தளமும் டொக்யார்டும் அடி வாங்கின. துறைமுகத்தில் நின்ற சகாயிங் என்ற கப்பல் தீப்பற்றியது. அதன் உடலை இலங்கைக் கடற்படைச் சுழியோடிகள் 2018இல்தான் மேலே கொண்டுவந்தார்கள்.

அதே காலையில் 413ஆம் ஸ்குவாட்ரனின் இன்னொரு கட்டலினா, பிளைட் லெப்டினன்ட் தோமஸ் ஓட்டியது, ஜப்பானியப் படையைக் கண்டு செய்தி அனுப்பத் தொடங்கியது. அதுவும் வீழ்த்தப்பட்டது. அதில் ஒருவரும் மிஞ்சவில்லை. பேர்ச்சலைப் பற்றிக் கேட்க வருகிற பத்துப் பேரில் ஒருவருக்காவது தோமஸ் என்ற பெயர் தெரிந்திருந்தால் அதிசயம். செய்த வேலை ஒன்றுதான். ஒருவர் உயிரோடு திரும்பிக் கதை சொன்னார், மற்றவருக்கு அது வாய்க்கவில்லை.

மட்டக்களப்புக்குக் கிட்ட மூழ்கிய ஹேர்மீஸ் கப்பலும் இதோடு சேர்ந்ததா?

ஆமாம். எச்சரிக்கை கிடைத்து 8ஆம் திகதி இரவு திருகோணமலையிலிருந்து தெற்கே அனுப்பப்பட்ட விமானந்தாங்கி அது. தாக்குதல் முடிந்துவிட்டது என்று திரும்பி வரும் வழியில் கண்ணில் பட்டுவிட்டது. கப்பலில் அன்று சண்டை விமானம் ஒன்றுகூட இல்லை. 307 பேர் இறந்தார்கள். கூடப் போன அவுஸ்திரேலிய நாசகாரி வம்பயரும் மூழ்கியது. தண்ணீரில் தத்தளித்த நூற்றுக்கணக்கானோரை வீட்டா என்ற வைத்தியசாலைக் கப்பல் ஏற்றிக் காப்பாற்றியது.

"இலங்கையைக் காப்பாற்றியவர்" என்ற பட்டம் சரிதானா?

சர்ச்சில் கொடுத்த பட்டம் என்று பரவலாக எழுதுகிறார்கள். என் கருத்து: கொஞ்சம் அளவு பெரிய சட்டை. பிரித்தானியர் தாக்குதலை ஏற்கெனவே எதிர்பார்த்திருந்தார்கள். அவர்களுடைய கடற்படைத் தளபதி அட்மிரல் சொமர்வில் ஏப்ரல் முதலாம் திகதியை ஒட்டி இலங்கைக்குத் தெற்கே காத்திருந்து, ஒன்றும் வராததால் மாலைதீவின் அட்டு பவளத்தீவுக்குத் திரும்பியிருந்தார். நகுமோவின் கப்பல்களில் தீவைப் பிடிக்கும் தரைப்படை இருக்கவில்லை. வந்த நோக்கம் கடற்படையை அடித்து நொறுக்குவது.

ஆனால் "எப்போதாவது வரலாம்" என்பதும் "நாளைக் காலை வருகிறான், இந்தத் திசையில்" என்பதும் வேறு வேறு. அந்தச் செய்தியால் கொழும்புத் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் இரவோடிரவாக வெளியேறின. அவற்றில் இருந்த மாலுமிகளுக்கு அவர் காப்பாற்றியவர்தான், அதில் வாதமில்லை. தீவு முழுவதையும் அவர் தலையில் கட்டுவதுதான் அதிகம். அதைவிட, இந்தப் பட்டத்தை மட்டும் பிடித்துக்கொள்வதால் அவருடைய பெரிய காரியம் மறைந்துபோகிறது. அது கீழே.

சிறைமுகாமில் என்ன செய்தார்?

1942 ஏப்ரலிலிருந்து 1945 ஓகஸ்ட் வரை ஜப்பானில் யுத்தக் கைதி. முதலில் ஒஃபுனா என்ற விசாரணை முகாம், பிறகு யோகோஹாமா, அசானோ கப்பல்பட்டறை, ஒமோரி, சுவா என்று மாறி மாறி. பல முகாம்களில் கைதிகளுக்குள் மூத்த அதிகாரி அவரே.

சாப்பாடு போதாது என்பது எல்லா முகாமுக்கும் பொது. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள், அங்கே முதலில் பறந்தது ஒருவர் மேல் ஒருவருக்கிருந்த நம்பிக்கை. பேர்ச்சல் போட்ட ஒழுங்கு இது: பங்கு வைத்த பிறகு அதிகாரிகள் கடைசியில்தான் எடுப்பார்கள். எந்தச் சிப்பாயாவது அதிகாரியின் கோப்பையில் தன்னுடையதைவிடக் கூட இருக்கிறது என்று நினைத்தால், ஒரு வார்த்தை பேசாமல் கோப்பையை மாற்றிக்கொள்ளலாம். தலைமைத்துவம் பற்றிப் பிற்காலத்தில் பேசும்போது இதைத்தான் அவர் எடுத்துக் காட்டுவார். எத்தனையோ அலுவலகங்களில் எத்தனையோ "தலைமைத்துவப் பயிற்சி" பார்த்திருக்கிறோம், இப்படி ஒன்றை யாரும் சொல்லித் தரவில்லை.

1944இல் அசானோவில், எழுந்து நிற்க முடியாத நோயாளிகளையும் காவலர்கள் வேலைக்கு இழுத்தார்கள். நோயாளிகளை விடும் வரை ஒருவரும் வேலை செய்யக்கூடாது என்று பேர்ச்சல் கட்டளையிட்டு, எல்லாரையும் உட்கார வைத்தார். எதிரியின் சிறையில், எதிரியின் பட்டறையில், ஒரு வேலைநிறுத்தம். அடித்துத் தண்டனை முகாமுக்கு அனுப்பினார்கள். அதற்கு முன்பும், நோயாளி ஒருவரை வதைத்த காவலரைக் கைநீட்டி அடித்து வாங்கிக் கட்டியவர்தான்.

அவர் பொறுப்பில் இருந்த முகாம்களில் சாவு விகிதம் 30 சதவீத அளவிலிருந்து 2 சதவீதத்துக்கும் கீழே இறங்கியதாக அவரைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. நடந்தவற்றை இரகசியமாக நாட்குறிப்பில் எழுதிப் புதைத்து வைத்தார். யுத்தக் குற்ற விசாரணைகளில் அவை சாட்சியாயின.

என்ன விருதுகள்?

விமானத்தில் செய்ததற்கு டீ.எஃப்.சி. என்ற விமானப்படை வீரப் பதக்கம், முகாமில் செய்ததற்கு ஓ.பி.ஈ. என்ற பிரித்தானியப் பட்டம். பின்னாளில் கனடாவின் ஓர்டர் ஒஃப் கனடா. கனடியப் படைச் சேவைப் பதக்கம் 12 வருடச் சேவைக்குக் கிடைக்கும், அதற்கு மேல் ஒவ்வொரு 10 வருடத்துக்கும் ஒரு பட்டை சேரும். அவரிடம் ஐந்து பட்டைகள் இருந்தன. கூட்டிப் பாருங்கள், 62 வருடம்.

யுத்தத்துக்குப் பிறகு?

விமானப்படையிலேயே தொடர்ந்தார். தான் படித்த கிங்ஸ்டன் இராணுவக் கல்லூரிக்கு 1963 முதல் 1967 வரை தலைவர். ஓய்வு பெற்றதும் ரொறன்ரோவில் யோர்க் பல்கலைக்கழக நிர்வாகத்தில் வேலை செய்தார். ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் உறவுகளின் பிள்ளைகள் எத்தனையோ பேர் படித்த இடம் அது. இலங்கைக் கடலில் விழுந்தவர் ஒருவர் அங்கே மேசை போட்டு இருந்தார் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. சொன்னால் வாயைப் பிளக்கிறார்கள்.

அவருடைய கல்லறை திருகோணமலை யுத்த மயானத்தில் இருக்கிறதா?

இல்லை. அவருடைய விமானத்தில் இறந்த மூவரும் இங்கே இல்லை. கடலில் காணாமல் போன விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூரில் கிராஞ்சி நினைவுச் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

இங்கே இருப்பவர்கள் வேறு ஆட்கள்: கடற்படை, தரைப்படை, விமானப்படையைச் சேர்ந்தவர்கள். நிலாவெளி பஸ்ஸில் ஏறி "வோர் செமட்டரி" என்றால் நடத்துநர் இறக்கிவிடுவார், உப்புவெளியிலிருந்து ஓட்டோவிலும் போகலாம். பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழு பராமரிக்கிறது. கட்டணம் இல்லை. உறவினர் ஒருவரைத் தேடி வருகிறீர்கள் என்றால் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள், எந்தப் பகுதி, எந்த வரிசை, எத்தனையாவது கல் என்று வரும்.

கற்களை நின்று வாசியுங்கள். படைப்பிரிவின் சின்னம், பதவி, பெயர், திகதி, வயது. சிலவற்றில் அடியில் வீட்டுக்காரர் அனுப்பிய ஒரு வரி இருக்கும், அதுதான் ஆளை உலுக்கும். பெயர் தெரியாதவரின் கல்லில் கடவுளுக்கு மட்டும் தெரிந்தவர் என்று இருக்கும். 1942 ஏப்ரல் 9 என்ற திகதி கண்ணில் பட்டால் அது ஊரில் குண்டு விழுந்த நாள்.

விளக்கு வைக்கலாமா, பூ போடலாமா?

பூ தாராளமாக. மெழுகுதிரியோ விளக்கோ வைப்பதானால் அங்குள்ள பராமரிப்பாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், கல்லில் மெழுகு வடிந்தால் துடைப்பது அவர்தான். எங்கள் சவக்காலைகளில் நவம்பர் 2ஆம் திகதி திரி ஏற்றுகிற பழக்கம் உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சைவ முறையில் ஏதாவது செய்யலாமா என்று ஒரு ஐயா கேட்டார். அந்தியேட்டியும் திவசமும் பிள்ளைகளின் கடமை, அதை அவர் குடும்பத்துக்கு விட்டுவிடுவோம். ஆடி அமாவாசைக்குக் கோணேசர் கோயில் பக்கம் போய்த் தகப்பனுக்குத் தீர்த்தமாடும்போது மனதில் நினைத்துக்கொண்டால் யார் தடுக்கப் போகிறார்கள்?

கனடாவிலிருந்து பொப்பி மலர் கொண்டுவருகிறோம். அதை வைப்பது பொருத்தமா?

வையுங்கள். அவருடைய நாட்டின் வழக்கம் அது, யுத்தத்தில் இறந்தவர்களை நினைக்கும் நவம்பர் 11 அவர்களுக்குப் பெரிய நாள். ஆனால் இலங்கையில் அந்தப் பூவுக்கு ஒரு பழைய சண்டையும் உண்டு. பொப்பி விற்ற பணத்தில் பெரும்பங்கு பிரித்தானியாவுக்குப் போகிறது, இங்குள்ள முன்னாள் படையினரைக் கவனிப்பாரில்லை என்று 1930களில் சூரியமல் (சிங்களத்தில் பூவரசம்பூ) இயக்கத்தார் பொப்பிக்குப் பதிலாகப் பூவரசம்பூ விற்றார்கள். பிறகு இடதுசாரிகள் அதை ஏகாதிபத்திய எதிர்ப்பாகவே வளர்த்தார்கள். ஆக, வேலியில் பூத்த பூவரசம்பூவை ஒரு பிள்ளை பறித்துக்கொண்டு வந்தால் அதற்கும் இங்கே இடம் இருக்கிறது.

ஊரில் வேறு என்ன பார்க்கலாம்?

சீனக்குடா விமானத் தளம் இன்றும் விமானப்படையின் கையில், நினைத்தபடி உள்ளே போக முடியாது. டொக்யார்டும் அப்படித்தான். எண்ணெய்க் குதங்களில் ஒன்று அன்று எரிந்தது, ஜப்பானிய விமானம் ஒன்று வேண்டுமென்றே அதில் மோதியது என்று ஊரில் சொல்வார்கள். அந்த விமானத்தில் இருந்தவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான். பேர்ச்சலை நினைக்க வருகிறவர் அவர்களையும் நினைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

எங்கள் சனம் பட்ட பாட்டுக்கு நடுவில், வெள்ளைக்கார விமானி ஒருவருக்கு ஏன் இவ்வளவு?

நியாயமான கேள்வி, கோபமாகவே கேட்கிறார்கள். இந்த மாவட்டத்தில் தம் பிள்ளைகளுக்கு ஒரு விளக்கேற்றவே பயந்து இருந்த தாய்மார் உண்டு, அவர்களுக்கு முன்னால் பராமரித்த புல்தரையும் பெயர் பொறித்த கல்லும் உறுத்தத்தான் செய்யும். 1942 யுத்தமும் எங்களைக் கேட்டு இங்கே வரவில்லை. பேர்ச்சல் காத்தது ஓர் ஏகாதிபத்தியத்தின் துறைமுகத்தை.

ஆனாலும் அவரை நினைப்பதற்கு எனக்குக் காரணம் அந்தத் துறைமுகம் இல்லை. பலம் எல்லாம் எதிரியின் கையில் இருந்த இடத்தில், நோயாளிக்காக உட்கார்ந்து மறுத்தாரே, அதுதான். காணாமல் போனவர்களையும் சிறையில் இருந்து வந்தவர்களையும் கண்ட ஊருக்கு அந்தக் காரியத்தின் விலை தெரியும். அதோடு, பெயர் எழுதிய கல் ஒவ்வொருவருக்கும் வேண்டும் என்று கேட்க அந்த மயானம் நல்ல சாட்சி.

எந்த நாளில் நினைவுகூருவது நல்லது?

செப்டெம்பர் 10 அவர் குடும்பத்தின் நாள். ஏப்ரல் 4 கொக்கலைக்குப் பொருந்தும். திருமலையில் செய்வதென்றால் ஏப்ரல் 9ஐ எடுங்கள், தோமஸின் ஆட்கள், ஹரிக்கேன் விமானிகள், ஹேர்மீஸ் மாலுமிகள் எல்லாரும் அந்த ஒரே நாளுக்குள் வருகிறார்கள். சித்திரை வருஷப்பிறப்புக்கு ஐந்து நாள் முன், வீடுகளில் பலகாரச் சுடுகை நடக்கும் நேரம், ஆள் சேர்ப்பது கஷ்டம்தான். காலை எட்டு மணிக்குள் வைத்துவிட்டால் வெயிலும் இல்லை, வீட்டுக்காரியின் முறைப்பும் இல்லை.

பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறோம். என்ன சொல்வது?

சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டலினாவும் மூன்றாம் தரம் பாதியில் நின்ற செய்தியும் போதும், கண் வெட்டாமல் கேட்பார்கள். தண்ணீரில் சுட்ட கதையைத் தரம் ஒன்பதுக்குக் கீழே விட்டுவிடலாம். பெரிய பிள்ளைகளுக்கு முகாமைச் சொல்லுங்கள், அதிலும் கோப்பை மாற்றும் ஒழுங்கைச் சொல்லி, அதை ஏன் "பேசாமல்" மாற்ற விட்டார் என்று அவர்களையே கேளுங்கள். விமானந்தாங்கிகளின் பெயர்களைப் பாடமாக்க வைக்க வேண்டாம். ஆளுக்கு ஒரு கல்லைக் கொடுத்து, அதில் உள்ள பெயரையும் வயதையும் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். பத்தொன்பது, இருபது என்று வரும்போது உயர்தரத்துப் பெடியன்களே அடங்கிவிடுவார்கள். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் மறக்க வேண்டாம்.